இயற்கைக்குக் கணக்கு எழுதும் வேலை: மகளை எதில் சேர்ப்பது?

ஐயா, வணக்கம்.

ஏரி, சதுப்புநிலம் போன்ற இயற்கை நமக்குத் தருவதை அளந்து கணக்கு எழுதும் வேலைக்குப் போக வேண்டும் என்கிறாள் மகள், அப்படி ஒரு வேலை இருக்கிறதா, எந்தப் படிப்பில் சேர்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த வேலை உண்மையிலேயே இருக்கிறது. அந்தப் பெயரில் விளம்பரம் வராது, அவ்வளவுதான். ‘திட்ட உதவியாளர்’, ‘ஜி.ஐ.எஸ். அனலிஸ்ட்’ (கணினியில் வரைபடத் தரவுகளை ஆராய்பவர்) என்று வரும்.

சென்னையின் பள்ளிக்கரணை சதுப்புநிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தென்சென்னையின் மழைநீரைத் தாங்கி, ஒக்கியம் மடுவு என்ற கால்வாய் வழியாக வடியவிடுகிறது. மீன் தருகிறது, மாட்டுக்குப் புல் தருகிறது. இவையெல்லாம் வருடா வருடம் கூடுகிறதா, குறைகிறதா என்று பார்ப்பதுதான் வேலை. நீர்ப்பரப்பு சுருங்கியதை லேண்ட்சாட் என்ற அமெரிக்கச் செயற்கைக்கோள்களின் படங்களில் பார்த்துவிடலாம்; 1972 முதல் எடுத்தவை, இலவசம். எவ்வளவு மீன் பட்டது என்று செயற்கைக்கோள் சொல்லாது. வலை போடுகிறவரிடம் போய்த்தான் கேட்க வேண்டும். அடுத்த வருடமும் அதே பருவத்தில் அதே கேள்வி. நடுவில் அளக்கும் முறையை மாற்றினால், குழந்தைக்கு மாதம் ஒரு தராசில் எடை போட்ட கதைதான்.

அதனால்தான் என் ஓட்டு பி.எஸ்சி. புள்ளியியலுக்கு. பிளஸ் டூ-வில் கணிதம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், பிறகென்ன? செடியின் பெயரைப் பிறகு கற்றுக்கொள்ளலாம். கணக்கைக் கண்டு பயந்தவர்கள் இந்தத் துறையில் பாதியில் நின்றுவிடுகிறார்கள். பிடிவாதமாக உயிரியல்தான் என்றால் தாவரவியலோ விலங்கியலோ எடுக்கட்டும். இந்த மூன்றுக்கும் இந்திய வனப்பணித் தேர்வு எழுதத் தகுதி உண்டு. ‘சுற்றுச்சூழல்’ என்ற பெயரை மட்டும் நம்பி லட்சக்கணக்கில் கட்டணம் கட்டாதீர்கள். முதலில் பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். புள்ளியியல் தாளும் களப்பணியும் இல்லையென்றால் வேண்டாம்.

2021-ல் ஐ.நா. புள்ளியியல் ஆணையம் காடு, சதுப்புநிலம் போன்ற சூழலமைப்புகளுக்குக் கணக்கு எழுதும் முறையை ஏற்றுக்கொண்டது. நம் மத்தியப் புள்ளியியல் அமைச்சகமும் ‘என்விஸ்டாட்ஸ் இந்தியா’ என்ற அறிக்கையில் அத்தகைய கணக்குகளை வெளியிடுகிறது. ஆள் தேவைப்படும் இடம் அங்கே இருக்கிறது.

சம்பளத்தை மறைக்க மாட்டேன். தொடக்கத்தில் ஒப்பந்த வேலைதான், திட்டம் முடிந்தால் அடுத்ததைத் தேட வேண்டும். ஐ.டி.யில் சேரும் அத்தை பையனோடு ஒப்பிட்டால் வீட்டில் சண்டைதான் வரும். நிலையான இடம் பெரும்பாலும் முதுகலைக்குப் பிறகே. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் சூழலியல் துறை இருக்கிறது; டேராடூனில் இந்திய வன உயிரின நிறுவனம்.

பெண் பிள்ளை தனியாகக் காட்டில் அலைவாளோ என்ற பயம் வேண்டாம். களத்துக்குக் குழுவாகத்தான் போவார்கள். பெரும்பாலான நாட்கள் கணினி முன்தான் கழியும்.

கல்லூரி திறக்கும்வரை கியூஜிஐஎஸ் (QGIS) என்ற வரைபட மென்பொருளை இறக்கிப் பழகச் சொல்லுங்கள். காசு கிடையாது. உங்கள் ஊர் ஏரியின் பத்து வருடப் படங்களை அவள் வரிசையாக வைத்துப் பார்க்கட்டும். அதில் அலுப்புத் தட்டினால் விண்ணப்பம் போடும் முன் என்னிடம் பேசச் சொல்லுங்கள்.