பதினோரு மணிக்குப் போய்ப் பாருங்கள்

கேள்வி: என் அம்மாவுக்கு 78 வயது. கேட்டோ மேனரில் பிறந்து வளர்ந்தவர். மூன்று வருடமாக அல்சைமர் மறதிநோய். ராத்திரி அதற்கான டொனெபெசில் மாத்திரை சாப்பிடுகிறார். இரண்டு மணிக்கு எழுந்து, “வீட்டுக்குப் போகணும்” என்று கேட்டைப் பிடித்து உலுக்குகிறார். நான் வேலைக்குப் போகிறவள். தம்பி ஜோஹானஸ்பர்க்கில், பணம் கட்டுவதெல்லாம் அவன்தான், அம்மா எழுதிக் கொடுத்த பவர் பத்திரமும் அவனிடம் இருக்கிறது. முதியோர் ஹோமில் சேர்க்கலாம் என்று மூன்று இடம் பார்த்தோம். ஒன்று உம்ஷ்லாங்கா பக்கம், மீன்தொட்டியும் கண்ணாடிக் கதவுமாக. ஒன்று இங்கேயே, பழைய கட்டடம். மூன்றாவது, ஒருவர் தன் வீட்டிலேயே ஒன்பது பேரை வைத்து நடத்துவது; அதுதான் மலிவு. ஹோமில் விட்டால் ஆறு மாதம் தாங்கமாட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. அலுமினியப் பாத்திரத்தில் சமைத்ததால் இந்த நோய் வந்ததா? தேங்காயெண்ணெய் கொடுத்தால் சரியாகுமா? எனக்கும் வருமா? அங்கே மருந்து கொடுத்துத் தூங்க வைத்துவிடுவார்களோ என்பதுதான் பெரிய பயம். இப்போதைக்கு நானே ராத்திரியில் இரண்டு அலர்ஜி மாத்திரை கொடுத்துச் சமாளிக்கிறேன்.
— ஒரு மகள், சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: உங்கள் கடிதத்தின் கடைசி இரண்டு வரியைச் சேர்த்துப் படியுங்கள். ஹோமில் செய்துவிடுவார்களோ என்று நீங்கள் பயப்படுகிற காரியத்தை உங்கள் வீட்டில் நீங்களே செய்துகொண்டிருக்கிறீர்கள். திட்டுவதற்காகச் சொல்லவில்லை. ராத்திரி இரண்டு மணிக்குக் கேட்டடியில் நிற்கிற மகளின் நிலை எனக்குத் தெரியும். ஆனால் ஹோம் தேடுவதற்கு முன்னால் அந்த மாத்திரையைப் பேசியாக வேண்டும்.

தூக்கம் வரவைக்கிற பழைய அலர்ஜி மாத்திரைகள் மூளையில் அசிட்டைல்கோலின் என்ற பொருளின் வேலையைத் தடுக்கின்றன. அல்சைமரில் ஏற்கெனவே குறைந்துபோயிருப்பது அதே பொருள்தான். டொனெபெசில் அதை ஏற்றப் பார்க்கிறது. அலர்ஜி மாத்திரை இறக்குகிறது. காசு கொடுத்து வாங்கிய மருந்தை ராத்திரிக்கு ராத்திரி நீங்களே வெட்டிப் போடுகிறீர்கள். அதோடு இது மலச்சிக்கல் கொடுக்கும், சிறுநீரை அடைக்கும். வயிறு உப்பி, மூத்திரம் முட்டி, அதைச் சொல்ல வார்த்தை வராத ஒருவர் நடுராத்திரியில் என்ன செய்வார்? எழுந்து நடப்பார். இன்று இரண்டை ஒன்றாக்குங்கள், ஒரு வாரத்தில் அடியோடு நிறுத்துங்கள். டொனெபெசிலைக் காலையில் கொடுக்கலாமா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். ராத்திரியில் போட்டால் சிலருக்குத் தூக்கம் கெடும், கெட்ட கனவு வரும். சிறுநீரில் கிருமி இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். இதெல்லாம் சரியானபின் ஹோமே வேண்டாம் என்று ஆகிவிடும் என நான் வாக்குக் கொடுக்கவில்லை. ஆனால் அம்மாவின் நோய் எவ்வளவு, மாத்திரையின் வேலை எவ்வளவு என்று தெரியாமல் இடம் தேடுவது கண்ணைக் கட்டிக்கொண்டு தேடுவதுதான்.

மற்றவற்றைச் சீக்கிரம் முடித்துவிடலாம். அலுமினியப் பாத்திரத்தால் அல்சைமர் வரும் என்று யாரும் நிரூபிக்கவில்லை. பாத்திரத்தைத் தூக்கி எறியாதீர்கள். தேங்காயெண்ணெய் தலைக்கும் தாளிக்கவும் நல்லது, இந்த நோயைத் தீர்க்காது. முதுமையில் அம்மாவுக்கு வந்திருப்பதால் உங்களுக்கு வாய்ப்பு கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். பிரஷர், சர்க்கரை, காது கேட்பது, நடை இவற்றைக் கவனித்துக்கொள்ளுங்கள். ஆறு மாதக் கதைக்கு வருவோம். வீட்டில் வைத்துப் பார்க்க முடியாத அளவு நோய் முற்றியவர்களைத்தான் பெரும்பாலும் ஹோமில் சேர்க்கிறார்கள். ஆஸ்பத்திரியில் நிறையப் பேர் சாகிறார்கள் என்பதால் கட்டில்தான் கொல்கிறது என்று சொல்வோமா? அதை அனுப்பியவருக்கு நீங்கள் பதில்கூடப் போட வேண்டாம்.

இனி உங்கள் பெரிய பயம். அது வீண் பயமல்ல.

சில வருடங்களுக்கு முன் ஒரு ஹோமுக்குப் போனேன். என்னிடம் வந்துகொண்டிருந்த பெரியவர், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், அங்கே சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. காலை பதினோரு மணி. கூடத்தில் பத்துப் பன்னிரண்டு நாற்காலி. டி.வி.யில் கிரிக்கெட். எல்லாருடைய தலையும் தொங்கிக்கிடந்தது. ஒவ்வொருவர் பக்கத்திலும் பத்து மணிக்கு வைத்த தேநீர், மேலே ஆடை படிந்து, ஒரு மடக்கும் குறையாமல் இருந்தது. என்னுடைய ஆள் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், வாயோரம் எச்சில். கையை மடக்கிப் பார்த்தேன், துருப்பிடித்த கீல் மாதிரி விட்டுவிட்டு வந்தது. “ரொம்ப அமைதியாகிட்டார் டாக்டர்” என்றார் பொறுப்பாளர், பெருமையாக. மருந்துத் தாளைக் கேட்டு வாங்கினேன். நான் எழுதாத ஹாலோபெரிடால், ராத்திரி மட்டுமல்ல, காலையிலும். எதற்கு என்று எழுதவேண்டிய கட்டம் காலி. அந்த இடத்தில் தரை பளபளவென்று இருந்தது. ஜிக் ப்ளீச் வாசனை மூக்கைத் துளைத்தது. சமையலும் நன்றாகத்தான் இருந்தது, சாப்பிடத்தான் ஆள் விழித்திருக்கவில்லை.

ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன், குவெட்டியாபின் போன்றவை மனநோய்க்கான மருந்துகள். மறதிநோய் உள்ள முதியவர்களுக்கு இந்த வகை மருந்துகளைக் கொடுத்தால் இறப்பு கூடுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2005-இல் எச்சரித்தது. 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட 1.6 முதல் 1.7 மடங்கு. அந்த எச்சரிக்கை புதிய வகை மருந்துகளுக்கானது. 2008-இல் ஹாலோபெரிடால் போன்ற பழைய மருந்துகளையும் சேர்த்தார்கள். மயங்கிக் கிடப்பவர் குடிக்கமாட்டார், விழுங்கும்போது புரையேறும், நெஞ்சில் சளி கட்டும், எழுந்தால் விழுவார். இந்த மருந்தே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். தன்னையோ பிறரையோ காயப்படுத்துகிற அளவு ஆவேசம் வந்து, வேறு எதுவும் பலிக்காதபோது, குறைந்த அளவில், கொஞ்ச காலத்துக்கு நானும் எழுதுகிறேன். ஆறு வாரத்துக்கு ஒருமுறையாவது ‘இது இன்னும் வேண்டுமா’ என்று டாக்டர் பார்க்கவேண்டும். ராத்திரி வேலையாள் குறைவு என்பது அதை எழுதுவதற்குக் காரணமல்ல.

ஆகவே மூன்று இடத்துக்கும் மறுபடி போங்கள், சொல்லாமல் கொள்ளாமல், ஒரு வேலைநாள் காலை பதினோரு மணிக்கு. மீன்தொட்டியைப் பார்க்காதீர்கள். எத்தனை பேர் விழித்திருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். ஓரிருவர் கண்ணயர்ந்திருந்தால் பரவாயில்லை, வயதானவர்கள். கூடமே தூங்கினால் திரும்பி வந்துவிடுங்கள், அதற்குமேல் ஒரு கேள்வியும் வேண்டாம். சாய்வு நாற்காலியில் உட்காரவைத்து முன்னால் தட்டுப்பலகையைப் பூட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள்; சாப்பாடு இல்லாத நேரத்திலும் அது பூட்டியிருந்தால் அதற்குப் பெயர் கட்டிப்போடுவதுதான். தம்ளரில் தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா, யாராவது எடுத்துக் கொடுக்கிறார்களா? மறதிநோய்க்காரருக்குத் தாகம் எடுத்தாலும் குடிக்கத் தோன்றாது.

இன்னொரு முறை சாயங்காலம் போங்கள். சில இடங்களில் நாலரை மணிக்கே சாப்பாடு போட்டு ஆறு மணிக்குப் படுக்க வைத்துவிடுகிறார்கள், பகல் ஆட்கள் வீட்டுக்குப் போகவேண்டுமே. ஆறு மணிக்குப் படுத்தவர் ஒரு மணிக்கு எழுந்திருக்காமல் என்ன செய்வார்? எழுந்தால் ‘ராத்திரியில் தொந்தரவு’ என்று எழுதி மாத்திரை கேட்பார்கள். அதனால் பகலில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று கேட்காதீர்கள், ராத்திரி எத்தனை பேர் என்று கேளுங்கள். மாதாமாதம் எடை பார்த்து எழுதிவைக்கிறார்களா என்றும் கேளுங்கள். தண்ணீர் நின்றால் என்ன ஏற்பாடு, ஜோஜோ தண்ணீர்த் தொட்டி இருக்கிறதா என்பதும் நம் ஊரில் வீண் கேள்வியல்ல. 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு டர்பனுக்கு வடக்கே டோங்காட்டில் மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் வரவில்லை.

உங்கள் அம்மா ‘வீட்டுக்குப் போகணும்’ என்று கேட்பது உங்கள் வீட்டை அல்ல. கேட்டோ மேனரில் பிறந்தவர். இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தால் அங்கிருந்து கிளப்பப்பட்டு 1960-களில் சாட்ஸ்வொர்த்துக்கு வந்து சேர்ந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களில் உங்களுடையதும் ஒன்றாக இருக்கும். அவர் தேடுகிற வீடு இப்போது இல்லை. “இதுதாம்மா உன் வீடு” என்று சொல்லிப் பயனில்லை. “அந்த வீட்டுல மாமரம் இருந்துச்சா?” என்று கேட்டுப் பாருங்கள். ஹோமிலும் இதையே கவனியுங்கள்: யாராவது ‘வீட்டுக்குப் போகணும்’ என்றால் அங்குள்ள பெண்கள் என்ன பதில் சொல்கிறார்கள்? நான் பார்த்த நல்ல இடம் ஒன்றில், ஜூலு பேசும் ஒரு பெண், கதவைத் தட்டிக்கொண்டிருந்த பாட்டியின் கையைப் பிடித்து, “வா கோகோ, போலாம்” என்றார் (கோகோ என்றால் ஜூலுவில் பாட்டி). கேட்வரை நடந்தார்கள், செம்பருத்திச் செடியைப் பார்த்தார்கள், திரும்பி வந்தார்கள். பாட்டி சிரித்துக்கொண்டே தேநீர் குடித்தார். அந்தக் கட்டடத்தின் சுவரில் பெயின்ட் உரிந்திருந்தது.

நோய் கூடக்கூட, பலருக்குப் பின்னால் கற்ற இங்கிலீஷ் முதலில் நழுவும், சின்ன வயதுத் தமிழ் கடைசிவரை நிற்கும். தண்ணி, பசி, வலிக்குது, கக்கூஸ், குளிருது என்று பத்து வார்த்தையை எழுதி அர்த்தத்தோடு கொடுங்கள். வாங்கிப் படிக்கிறார்களா, மேஜை இழுப்பறையில் போடுகிறார்களா என்பதிலேயே பாதி தெரிந்துவிடும்.

மூன்றாவது இடம், அந்த மலிவானது. நடத்துகிறவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் 2006-ஆம் ஆண்டின் முதியோர் சட்டப்படி இப்படிப்பட்ட இல்லம் சமூக மேம்பாட்டுத் துறையிடம் பதிவு செய்திருக்கவேண்டும். சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். ‘வெறும் காகிதம்தானே’ என்று நினைக்காதீர்கள். 2016-இல் கௌதெங் மாகாணத்தில் லைஃப் எசிடிமெனி இல்லங்களிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட மனநோயாளிகளைத் தொண்டு நிறுவனங்களுக்கு மாற்றினார்கள். 144 பேர் இறந்தார்கள், பலர் பசியாலும் தாகத்தாலும் கவனிப்பில்லாமலும். அவர்களை வாங்கிக்கொண்ட 27 நிறுவனங்களில் ஒன்றுக்கும் செல்லத்தக்க உரிமம் இல்லை என்று 2017-இல் சுகாதாரக் குறைதீர்ப்பாளர் மக்கோபா அறிக்கை கொடுத்தார். சான்றிதழ் இருந்தால் எல்லாம் சரி என்று ஆகாது; இல்லாவிட்டால் பேச்சை வளர்க்க வேண்டாம்.

தம்பியிடம் உள்ள பவர் பத்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நம் நாட்டுச் சட்டத்தில், எழுதிக் கொடுத்தவருக்கு விவரம் புரியாமல் போய்விட்டால் அந்தப் பத்திரம் செல்லாது. ஹோமில் ஒப்பந்தம் போடுவதற்குமுன் வக்கீலைப் பாருங்கள்; உயர்நீதிமன்ற மாஸ்டர் அலுவலகம் மூலம் அம்மாவின் பணத்தைக் கவனிக்க நிர்வாகியை நியமிக்க வழி இருக்கிறது.

சேர்த்தபிறகு முதல் சில வாரம் அம்மா குழம்புவார், அழுவார், உங்கள்மேல் கோபப்படுவார். அதை எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். எதிர்பார்க்கக்கூடாதது வேறு: ஒரு நாள் நன்றாகப் பேசியவர் இரண்டு மூன்று நாளில் எழுப்ப முடியாமல் தூங்குவது, உடம்பு விறைப்பது, காலை இழுத்து நடப்பது, ஒரு பக்கம் சாய்வது. ‘வயசாச்சு, நோய் முத்திடுச்சு’ என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். இந்த நோய் இரண்டு நாளில் முற்றாது. கிருமி, நீர்வற்றல், தலையில் அடி, புது மருந்து என்று வேறு ஏதோ காரணம் இருக்கும். அன்றைக்கே போங்கள், மருந்துத் தாளைக் கேளுங்கள், போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், டாக்டரைக் கூப்பிடச் சொல்லுங்கள். எழுப்பியும் எழவில்லை என்றால் நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். மருந்துத் தாளைக் காட்ட மாட்டோம் என்று சொல்கிற இடத்தில் அம்மாவை இன்னொரு ராத்திரி வைக்காதீர்கள். பார்க்கிற நாளிலேயே, சேர்ப்பதற்கு முன்பே இதைக் கேட்டுவிடுங்கள்: “என் அம்மாவுக்குப் புது மாத்திரை எதுவும் தொடங்குவதற்குமுன் எனக்குப் போன் செய்வீர்களா?” சட்டென்று ஆமாம் என்று வந்தால் நல்லது. முனகினால் அடுத்த இடத்துக்குப் போங்கள்.

டாக்டரைப் பார்க்க வரும்போது அம்மா சாப்பிடுகிற எல்லா மாத்திரையையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். சத்து மாத்திரை, பக்கத்து வீட்டு அக்கா கொடுத்தது, தைலம், எல்லாம். அந்த அலர்ஜி மாத்திரை டப்பாவையும் மறக்காமல் போடுங்கள்.