ராஜா எதிராளி வீட்டுக்குள் நடந்தால்: ஷோகி கேள்வி – பதில்

இந்த இதழில் குமரி மாவட்ட வாசகர்கள் அனுப்பிய ஷோகி (ஜப்பானியச் சதுரங்கம்) கேள்விகள் மட்டும். எல்லாமே ராஜாவைச் சுற்றி வந்திருப்பதால் ஒரே இடத்தில் தருகிறோம். முதலில் காய்களின் பெயர். ஜப்பானியப் பெயர்களைத் தமிழில் எழுதினால் தங்கமும் வெள்ளியும் இரண்டுமே ‘கின்’ என்றுதான் விழும், குழப்பம்தான் மிஞ்சும். அதனால் ராஜா, தேர் (ரூக்), மந்திரி (பிஷப்), தங்கம், வெள்ளி, குதிரை, ஈட்டி, சிப்பாய் என்றே எழுதுகிறோம். கட்டத்தின் எண்ணில் முதலில் வருவது நெடுக்கு வரிசை. வலமிருந்து இடமாக 1 முதல் 9. அடுத்தது குறுக்கு வரிசை. மேலிருந்து, அதாவது எதிராளியின் பக்கமிருந்து, கீழாக 1 முதல் 9.

கேள்வி: 2024 கிஓ பட்டப் போட்டியின் முதல் ஆட்டத்தில், சவால் விட்டவர் தன் ராஜாவைக் கோட்டையிலிருந்து கிளப்பி எதிராளியின் பகுதிக்கே கொண்டுபோய் நிறுத்தினார் என்று படித்தேன். செஸ்ஸில் இப்படிச் செய்தால் நாலு நகர்த்தலில் கதை முடிந்துவிடும். ஷோகியில் எப்படித் தப்பிக்கிறது?
— மார்த்தாண்டம் வாசகர்

பதில்: நீங்கள் சொல்வது 2024 பிப்ரவரி 4 அன்று தொயாமா மாநிலத்தின் உவோசு நகரில் நடந்த ஆட்டம். கிஓ, எய்ஓ, மெய்ஜின் உள்ளிட்ட ஷோகியின் எட்டுப் பெரிய பட்டங்களையும் அன்றைக்கு ஒருசேர வைத்திருந்தவர் ஃபுஜீ சோட்டா. எதிரே சவால் விட்டவர், அவரைப் போலவே 21 வயதுக்காரரான ஈட்டோ டக்குமி. ஈட்டோ இரண்டாவதாக ஆடியவர். தன் ராஜாவை எதிராளியின் பகுதிக்குள் ஏற்றினார். 129-வது நகர்த்தலோடு வெற்றி தோல்வியின்றி ஆட்டம் முடிந்தது. தடுமாறிப்போய் ஓடிய ராஜா அல்ல அது, வீட்டிலேயே உட்கார்ந்து ஆராய்ந்து கொண்டுவந்த திட்டம். முதலில் ஆடுபவருக்குச் சற்றுச் சாதகம் உள்ள விளையாட்டில், இரண்டாவதாக ஆடுபவர் சமனை வாங்கிப்போவது லாபம். அதுவும் ஃபுஜீக்கு எதிராக!

இனி, ராஜா எப்படிப் பிழைக்கிறது என்பது. ஷோகிக் காய்கள் பெரும்பாலும் முன்னால் பார்த்தே நிற்பவை. சிப்பாய், ஈட்டி, குதிரை மூன்றும் பின்னால் வரவே முடியாது. தங்கத்துக்குப் பின்னால் நேராக ஒரே கட்டம். வெள்ளிக்குப் பின்னால் இரண்டு மூலை, அவ்வளவுதான். ஆக எதிராளியின் படை உங்கள் பக்கம் பார்த்துக்கொண்டிருக்க, உங்கள் ராஜா அவர் முதுகுப் பக்கம் போய் நின்றுவிட்டால் திரும்பி அடிக்க ஆளில்லை.

இதை வரிசை வரிசையாகப் பாருங்கள். எதிராளியின் மூன்றாவது வரிசையில் உங்கள் ராஜா நின்றால், அவருடைய குதிரை தன் முதல் வரிசையிலிருந்து செக் சொல்லலாம். இரண்டாவது வரிசைக்கு வந்துவிட்டால் குதிரையால் முடியாது. அது செக் சொல்ல வேண்டிய கட்டம் பலகைக்கு வெளியே போய்விடும். முதல் வரிசைக்கே போய்விட்டால் சிப்பாய், ஈட்டி, குதிரை மூன்றுமே செல்லாக்காசு. ஒரு பக்கத்தின் 20 காய்களில் 13 இந்த மூன்று வகைதான். மிச்சமிருப்பது தேர், மந்திரி, பக்கத்துக் கட்டத்தில் வந்து உட்காரும் தங்கம், மூலையில் நெருங்கும் வெள்ளி. வெட்டிக் கையில் பிடித்த காயைத் தன் காயாக அனேகமாக எங்கு வேண்டுமானாலும் இறக்கலாம் என்றாலும், இறக்குவதற்குப் பயனுள்ள கட்டம் சுருங்கிப்போகிறது. உங்கள் சிப்பாய்களோ அங்கே போனதும் தங்கமாக மாறி ராஜாவுக்கு வேலி போடும்.

ஆபத்து வழியில்தான் இருக்கிறது. நம்மூர் ஆடுபுலி ஆட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் ஒதுங்கிய புலியை அடைத்துவிடலாம். நடுவில் நிற்கும் புலிக்கு எல்லாப் பக்கமும் வழி. நடுப் பலகையில் நிற்கும் ராஜாவை வளைத்துப் பிடிப்பது கடினம் என்று ஷோகியிலும் பழமொழி உண்டு. ஆனால் அது வழி திறந்திருக்கும்போது மட்டும்தான் உண்மை. கிளப்புக்குப் புதிதாக வருபவர்கள் தோற்பது மூன்று இடங்களில்.

ஒன்று, தலைக்கு மேல் தங்கம். ராஜா புறப்படும் முன் எதிராளியின் கையில் என்ன இருக்கிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். தங்கமோ வெள்ளியோ இருந்தால் உங்கள் ராஜாவின் முகத்துக்கு நேரே இறக்கி, கீழே தள்ளிக்கொண்டே வருவார். கடைசி வரிசைக்குத் தள்ளப்பட்ட ராஜா அனேகமாகப் போனதுதான். ஆகவே முதலில் ராஜா போகிற தடத்தில் உங்கள் காய் ஒன்று மேலே நிற்க வேண்டும். அதற்கு மிக நல்ல காய் மேலுயர்ந்த மந்திரி, அதாவது எதிராளியின் பகுதிக்குள் போய்க் கூடுதல் பலம் பெற்ற மந்திரி. மூலைக்கோட்டில் தூரம் போகும், நேரே ஒரு கட்டமும் நகரும். ராஜாவுக்குப் பக்கத்தில் அது இருந்தால் மூன்று தங்கம் துணை வந்த மாதிரி.

இரண்டு, குறுக்கே வரும் தேர். ராஜா ஐந்தாவது வரிசையில் நிற்கும்போது அதே வரிசையின் ஓரத்தில் தேரை இறக்கி செக் சொன்னால், நடுவில் காய் வைத்து மறைக்க வேண்டும். கையில் சிப்பாய் இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பார்கள். ஆனால் அந்த நெடுக்கு வரிசையில் மேலுயராத உங்கள் சிப்பாய் ஒன்று ஏற்கெனவே இருந்தால் இன்னொன்றை இறக்கக் கூடாது. இறக்கினால் அந்த இடத்திலேயே தோல்வி. பதற்றத்தில் தொழில்முறை ஆட்டக்காரர்களே இந்தத் தவறைச் செய்து தோற்றிருக்கிறார்கள். கிளம்பும் முன்பே எந்தெந்த நெடுக்கில் சிப்பாய் இல்லை என்று ஒருமுறை பார்வையை ஓட்டிவிடுங்கள்.

மூன்று, கணக்கு. ஏழாவது வரிசையில் நிற்கும் ராஜா மூன்றாவது வரிசைக்குப் போக நாலு நகர்த்தல் வேண்டும். அந்த நாலு முறையும் எதிராளிக்கு ஒரு நகர்த்தல் கிடைக்கிறது. வெறுமனே நடந்தால் அவர் நாலு காய் இறக்கிவிடுவார். ஒவ்வொரு அடியிலும் ஒரு காயை வெட்டியோ, ஒரு காயை மிரட்டியோ போகிற தடம் கிடைத்தால் மட்டும் கிளம்புங்கள்.

ஈட்டோ அன்று காட்டிய துணிச்சல் அந்த ஆட்டத்தோடு நிற்கவில்லை. கிஓ தொடரில் அடுத்த மூன்று ஆட்டங்களையும் ஃபுஜீ வென்று பட்டத்தைத் தக்கவைத்தார். ஆனால் அதே ஆண்டு ஜூன் 20 அன்று எய்ஓ பட்டத்தை 3–2 என்று ஈட்டோ பறித்துக்கொண்டார்.

கேள்வி: இரண்டு ராஜாவும் மாறி மாறி எதிர் வீட்டில் போய் உட்கார்ந்துவிட்டால் யாருக்கு வெற்றி?
— குளச்சல் வாசகர்

பதில்: காய்களை எண்ண வேண்டியதுதான். தேருக்கும் மந்திரிக்கும் 5 புள்ளி, ராஜாவுக்கு ஒன்றுமில்லை, மற்ற எல்லாவற்றுக்கும் 1. மேலுயர்ந்த காயானாலும் மதிப்பு மாறாது. இருவருக்கும் சேர்த்து மொத்தம் 54; தொடக்கத்தில் ஆளுக்கு 27. தொழில்முறை ஆட்டத்தில் இருவரும் ஒப்புக்கொண்டு எண்ணும்போது ஆளுக்கு 24 இருந்தால் சமன். 24-க்குக் கீழே போனவர் தோற்றார்.

இங்கேதான் பெரிய காய்களின் (தேர், மந்திரி) அருமை தெரியும். இரண்டு பெரிய காயும் 14 சின்னக் காயும் இருந்தால் சரியாக 24. மூன்று பெரிய காய் இருந்தால் 9 சின்னக் காய் போதும். ஒரே ஒரு பெரிய காய்தான் மிஞ்சியது என்றால், உங்கள் பங்கான 17 சின்னக் காய்களும் அப்படியே இருந்தாலும் 22-தான் வரும். ராஜாவை உள்ளே தள்ளும் அவசரத்தில் தேரைப் பலி கொடுத்துவிட்டு, உயிர் பிழைத்தோம் என்று பெருமூச்சு விட்ட பிறகு எண்ணிப் பார்த்துத் தோற்பவர்கள் உண்டு. ராஜா ஐந்தாவது வரிசையைத் தாண்டும்போதே எண்ணத் தொடங்கிவிட வேண்டும்.

எதிராளி ஒப்புக்கொள்ளாமல் இழுத்தடித்தால் அறிவிப்பு முறை இருக்கிறது. உங்கள் ராஜா எதிராளியின் மூன்று வரிசைக்குள் இருக்க வேண்டும்; கூடவே வேறு 10 காய்கள் அங்கே இருக்க வேண்டும்; செக் இருக்கக் கூடாது. அப்போது அந்த மூன்று வரிசைக்குள் இருப்பவற்றையும் கையில் இருப்பவற்றையும் மட்டும் எண்ணி, 31 வந்தால் வெற்றி, 24 முதல் 30 வரை சமன். அமெச்சூர் போட்டிகளில் 27 புள்ளி முறைதான் பரவலாக உண்டு: முதலில் ஆடியவருக்கு 28, இரண்டாமவருக்கு 27 வந்தால் வெற்றி. சமன் கிடையாது. நீங்கள் ஆடும் இடத்தில் எந்த முறை என்று ஆட்டத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

பட்டப் போட்டியிலும் இது நடக்காத காரியம் இல்லை. 2020 எய்ஓ தொடரில் நாகாசே டக்குயாவும் தொயோஷிமா மசாயுகியும் ஆடிய இரண்டாவது, மூன்றாவது ஆட்டங்கள் அடுத்தடுத்து இப்படியே சமனாக, ஏழு ஆட்டத் தொடர் ஒன்பது வரை நீண்டது. 4–3 என்று தொயோஷிமா வென்றார்.

கேள்வி: ‘ராஜா முன்கூட்டியே விலகினால் எட்டு நகர்த்தல் லாபம்’ என்று ஒரு ஷோகிப் பழமொழி இருக்கிறதாமே? செக்கே இல்லாதபோது ராஜாவை நகர்த்துவது வீண் வேலை அல்லவா?
— வடசேரி வாசகர்

பதில்: எட்டு என்பது அழுத்தத்துக்குச் சொன்னது. உண்மையில் ஒன்றோ இரண்டோ கிடைக்கும். ஆனால் முடிவாட்டத்தில் அந்த ஒன்றுதான் எல்லாமே.

பலகையை எடுத்து இதை வைத்துப் பாருங்கள். யாகுரா கோட்டை (ராஜாவைக் காக்கக் காய்களை அடுக்கும் ஓர் அமைப்பு): ராஜா 8-8, வெள்ளி 7-7, தங்கங்கள் 7-8, 6-7. எதிராளி 7-8 தங்கத்தை வெட்டுகிறார். வெட்டிய காய் அனேகமாக செக்கும் சொல்லும், ஏனென்றால் ராஜா ஒட்டி நிற்கிறது. 7-9-ல் வெள்ளியை இறக்கினாலும் மூலையாக செக். ஒவ்வொரு முறையும் நீங்கள் பதில் சொல்லியே ஆக வேண்டும், உங்கள் தாக்குதல் அப்படியே நிற்கும். இப்போது அந்த அடி விழும் முன்பே ராஜாவை 9-8-க்கு நகர்த்தி வையுங்கள். அதே தங்கம் வெட்டுப்படுகிறது, செக் இல்லை. அதே வெள்ளி இறங்குகிறது, செக் இல்லை. அந்த ஒரு மூச்சில் நீங்கள் எதிராளியின் ராஜாவை முடிக்கலாம்.

இந்த ஓர நகர்த்தலுக்கு யோனெனாகா ராஜா என்றே பெயர். யோனெனாகா குனியோ அதை அடிக்கடி ஆடியதால் வந்தது. 1993-ல், 49 வயதில், முதன்முறையாக மெய்ஜின் பட்டம் வென்றவர் அவர்.

எப்போது கூடாது? எதிராளியின் ஓரச் சிப்பாய் ஒன்பதாவது நெடுக்கில் முன்னேறி நின்று, கையில் ஈட்டியோ சிப்பாயோ இருந்தால் 9-8 கல்லறைதான். 8-8-ல் ராஜாவைச் சுற்றி எட்டுக் கட்டம்; 9-8-ல் ஐந்துதான். எதிராளிக்கு ஓரத்தில் கைவைக்க வழி இல்லை என்று தெரிந்த பிறகே விலகுங்கள். அதேபோல், அவருடைய தாக்குதல் இன்னும் மூன்று நாலு நகர்த்தல் தள்ளி இருக்கும்போது விலகினால் அவர் திசையை மாற்றிக்கொள்வார், உங்களுக்கு ஒரு நகர்த்தல் நஷ்டம். ‘அடுத்த அடி செக்கோடு விழும்’ என்கிற சரியான தருணத்துக்கு முந்தைய நகர்த்தல்தான் இதற்கான நேரம்.

கேள்வி: செஸ்ஸில் இப்படி ராஜா நடந்த ஆட்டம் உண்டா?
— நாகர்கோவில் வாசகர்

பதில்: உண்டு. 1991 டில்பர்க் போட்டியில் நைஜல் ஷார்ட், யான் டிம்மனுக்கு எதிராகப் பலகை நிறையக் காய்கள் இருக்கும்போதே 31-வது நகர்த்தலிலிருந்து ராஜாவை h2, g3, f4, g5 என்று நாலு அடி நடத்தினார். ராஜா g5-க்கு வந்ததும் டிம்மன் விட்டுக்கொடுத்தார். அங்கே ராஜா போனது கொல்வதற்கு உதவ. ஷோகியில் பெரும்பாலும் பிழைப்பதற்கு. டிம்மனின் காய்கள் கட்டுண்டு கிடந்ததால்தான் அது முடிந்தது.

கேள்வி: ஷோகி செட் இங்கே கடைகளில் கிடைக்கவில்லை. எங்கள் பக்கம் ரப்பர் மரப்பலகைக்குப் பஞ்சமில்லை. வீட்டிலேயே செய்ய அளவு சொல்ல முடியுமா?
— குலசேகரம் வாசகர்

பதில்: தாராளமாக. பலகையில் கட்டம் ஒன்று 3.5 செ.மீ. அகலம், 3.9 செ.மீ. நீளம், சதுரமாக வேண்டாம், காய்கள் நீளவாக்கில் இருப்பவை. 9 கட்டத்துக்கு 31.5 × 35.1 செ.மீ. வரும், சுற்றிலும் ஒரு செ.மீ. விளிம்பு விடுங்கள். காய்கள் 40: ராஜா 2, தேர் 2, மந்திரி 2, தங்கம், வெள்ளி, குதிரை, ஈட்டி தலா 4, சிப்பாய் 18. சிப்பாயில் இரண்டையாவது கூடுதலாக வெட்டி வையுங்கள், தொலைவது அதுதான். ராஜா சுமார் 3.2 செ.மீ. உயரம், சிப்பாய் 2.7.

வடிவம்தான் முக்கியம். முனை கூர்மையான ஐங்கோணம். இரண்டு பக்கத்துக்கும் ஒரே நிறம், ஏனென்றால் பிடித்த காய் உங்கள் காயாகிவிடும். எந்தப் பக்கம் முனை பார்க்கிறதோ அதை வைத்துத்தான் யாருடையது என்று தெரியும். கேரம் காயோ பாட்டில் மூடியோ இதற்கு உதவாது. அடிப்பக்கம் தடிமனாகவும் முனை மெலிந்தும் சரிவாக இழைத்தால் விரல் நகத்தில் எடுக்க வரும். முன்பக்கம் கறுப்பில் எழுத்து, பின்பக்கம் மேலுயர்ந்த பெயர் சிவப்பில். தங்கத்துக்கும் ராஜாவுக்கும் பின்பக்கம் வெறுமையாக இருக்கட்டும், அவை மேலுயர்வதில்லை.

ரப்பர் பலகையில் பூச்சியும் பூஞ்சையும் சீக்கிரம் ஏறும். மருந்தேற்றிச் சூளையில் உலர்த்திய பலகையாகக் கேட்டு வாங்குங்கள். பச்சைப் பலகையில் வெட்டினால் மழைக்காலம் முடிவதற்குள் காய் முறுக்கி, பலகையில் படியாமல் ஆடும். எழுத்து காய்ந்த பிறகு மேலே மெல்லியதாக ஒரு கை வார்னிஷ். இரண்டு கை அடித்தால் வழுக்கும்.