தொட்டி எலுமிச்சைக்குக் குளிர்காலத்தில் எந்த விளக்கு?

கேள்வி: குளிர் தொடங்கியதும் தொட்டி எலுமிச்சையை வீட்டுக்குள் கொண்டுவந்து சன்னலோரம் வைத்தேன். வெயில் காலையில் சிறிது நேரம்தான். கூரையில் உள்ள எல்.இ.டி. பல்பை நாள் முழுவதும் எரியவிட்டும் இலைகள் உதிர்கின்றன. செடிகளுக்கென்று விற்கும் ஊதா விளக்கைத்தான் வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். பச்சையம் சிவப்பையும் நீலத்தையும் அதிகமாக உறிஞ்சும் என்பது உண்மை. ஊதா விளக்கு வந்ததும் அதனால்தான். ஆனால் வெள்ளை எல்.இ.டி.யில் அந்த இரண்டுமே உண்டு. கூடவே வரும் பச்சை ஒளியும் வீணல்ல, இலையின் உள்ளடுக்கு வரை இறங்கி வேலை செய்கிறது. ஊதா வெளிச்சத்தில் இலை மஞ்சளடிப்பதும் சிலந்திப்பேன் ஏறுவதும் கண்ணில் படாது. அந்த அறையில் உட்கார்ந்திருப்பதும் கொடுமை. 4000 முதல் 6500 கெல்வின் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு) வரையிலான வெள்ளை விளக்கே வாங்குங்கள்.

அட்டைப்பெட்டியில் ‘100 வாட்டுக்கு இணை’ என்று இருந்தால் மயங்காதீர்கள். அது பழைய குண்டு பல்போடு ஒப்பிட்ட கணக்கு. உண்மையில் செலவாவது சுமார் 15 வாட். உண்மையான வாட்டைத்தான் பார்க்க வேண்டும். இரண்டடி அகலம் படர்ந்த மரத்துக்கு 40 வாட்டுக்குக் குறையாமல் வைப்பேன்.

அதைவிட முக்கியம் தூரம். சிறிய விளக்கை இருமடங்கு தள்ளி வைத்தால் இலைக்குக் கிடைக்கும் ஒளி கால் பங்காகிவிடும். நம் கண் அறை வெளிச்சத்துக்குச் சட்டென்று பழகிக்கொள்வதால் இந்த இழப்பு நமக்குத் தெரிவதில்லை, மரத்துக்குத் தெரியும். உங்கள் கூரை விளக்கு அறைக்கு எரிகிறது, மரத்துக்கு அல்ல. புது விளக்கை உச்சி இலையிலிருந்து ஓரடி உயரத்தில் தொங்கவிடுங்கள். இலை மட்டத்தில் கையை நீட்டினால் சுடக்கூடாது. தினமும் 12 முதல் 14 மணி நேரம் எரியட்டும். டைமர் போட்டுவிட்டால் மறதிக்கு இடமில்லை.

இலை உதிர்வதற்கு வெளிச்சக் குறைவு மட்டும்தான் காரணம் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். மண் ஏறக்குறைய 13 டிகிரி செல்சியசுக்குக் கீழே குளிர்ந்தால் எலுமிச்சையின் வேர் மந்தமாகிவிடும். மேலே வெயிலோ விளக்கோ பட்டுச் சூடான இலை தண்ணீர் கேட்கும், வேரால் கொடுக்க முடியாது. மரம் இலையை உதிர்த்துத் தப்பிக்கும். வாடுகிறதே என்று அப்போது தண்ணீர் ஊற்றினால் வேர் அழுகும். புது விளக்கு அந்தச் சிக்கலைக் கூட்டவே செய்யும். எனவே முதலில் மண்ணில் ஒரு வெப்பமானியைச் செருகிப் பாருங்கள். குளிர்ந்திருந்தால் தொட்டியைத் தரையிலிருந்து தூக்கி மரப்பலகை மேல் வைத்து, குளிர்ந்த சன்னல் கண்ணாடியை விட்டு நகர்த்துங்கள். மண் சூடேறிய பிறகு விளக்கு வாங்கலாம்.