எவர்ட்டன் ஸ்டாண்டுல ஒரு லிவர்பூல்காரன்

"மேலப்பாளையத்துல இருந்தப்பவே நான் லிவர்பூல் ஃபுட்பால் டீம் ரசிகன் அண்ணே. லிவர்பூலுக்கே படிக்க வந்து ரெண்டு மாசமாச்சு, நம்ம டீம் மைதானம் ஆன்ஃபீல்டுக்கு டிக்கெட் கிடைக்கவே மாட்டேங்கு. கூடப் படிக்கிறவன் அதே ஊரு எதிர் டீம் எவர்ட்டன் மேட்சுக்குக் கூப்பிடுதான். போனா துரோகமா? அடிப்பாங்களா?"ன்னு கேட்டிருக்க.

தம்பி, நான் பதினாலு வருசமா அந்த ஊருலதான் குப்பை கொட்டுதேன். இப்ப லீவுக்குப் பாளையங்கோட்டை வந்து கிடக்கேன். சொல்லுதேன் கேளு: தாராளமா போ. எதிர்ல ஆடுறது லிவர்பூலா இருந்தா மட்டும் போகாத.

மத்த டீம் வந்தா சும்மா வேடிக்கை பாக்கலாம். நம்ம டீம் வந்தா வாயை மூடலாம், மூஞ்சியை எப்படி மூடுவ? நான் பட்டிருக்கேன். முதல் வருசம், வேற ஊரு, ஆபீஸ்ல ஒருத்தர் குடுத்த டிக்கெட், உள்ளூர்க்காரங்க ஸ்டாண்டு. லிவர்பூல் கோல் போட்டப்ப நான் கத்தக்கூட இல்ல. சீட்டுல இருந்து அரையடி எந்திரிச்சிட்டேன், அவ்வளவுதான். பின்னால இருந்தவரு தோளைத் தட்டினாரு. மஞ்சக் கோட்டு போட்டுக் கூட்டத்தைப் பாத்துக்கிற மைதானத்து ஆளுக ரெண்டு பேரு வந்து, மாப்பிள்ளை அழைப்பு கணக்கா மரியாதையா வெளிய கூட்டிட்டுப் போய் விட்டுட்டாங்க. மிச்ச ஆட்டத்தை மழையில நின்னு, சுவருக்கு அந்தப் பக்கத்துச் சத்தத்தை வச்சே பாத்தேன். அங்க விதியே அப்படி, வெளியூர் ரசிகனுக்குத் தனி மூலை. சேவியர்ஸ் காலேஜ்ல படிச்சவன் ஜான்ஸ் காலேஜ் பயலுவளுக்கு நடுவுல உக்காந்து சேவியர்ஸ் கோலுக்குத் துள்ளினா நம்மூர்ல மட்டும் சும்மா விட்டுருவானுவளா?

துரோகம்லாம் இல்ல. அந்த ஊர்ல ஒரே வீட்டுல அண்ணன் லிவர்பூல் சிவப்பு, தம்பி எவர்ட்டன் நீலம். 1989-ல ஹில்ஸ்பரோ மைதான நெரிசல்ல லிவர்பூல் ரசிகர்கள் மொத்தம் 97 பேரு உயிர் போச்சு. அடுத்த வாரமே, அப்ப எவர்ட்டன் ஆடிட்டிருந்த குடிசன் பார்க்குல இருந்து ஆன்ஃபீல்டு வரைக்கும் சிவப்பும் நீலமுமா ஸ்கார்ஃபை முடிச்சுப் போட்டுச் சேத்துக் கட்டினாங்க.

சிவப்புச் சட்டை வேண்டாம். ரெண்டு டீம் பேரும் பாதிப்பாதி போட்ட ஸ்கார்ஃப் விப்பான், அதையும் வாங்காத, ரெண்டு பக்கத்தானும் சிரிப்பான். டிக்கெட்டை கிளப் வழியாவே உன் பேருக்கு மாத்தித் தரச் சொல்லு. தெருவுல விக்கிறவன் பக்கம் போகாத, அனுமதியில்லாம விக்கிறது 1994 சட்டப்படி அங்க குற்றம். இடைவேளையில போவ்ரில்னு ஆவி பறக்கக் குடிப்பாங்க. அது மாட்டுக்கறிச் சாறு. யோசிச்சுக்க, டீயும் இருக்கும்.

ஆனா என்னைக் கேட்டா, அதுக்கு முன்னால ஒருதடவை ஆத்துக்கு அந்தப் பக்கம் பிர்க்கன்ஹெட்ல இருக்க ட்ரான்மியர் ரோவர்ஸ்ங்கிற கிளப் மேட்சுக்குப் போ. நெல்லைக்கும் பாளைக்கும் நடுவுல தாமிரபரணி மாதிரி, லிவர்பூலுக்கும் பிர்க்கன்ஹெட்டுக்கும் நடுவுல மெர்சி ஆறு. ஆத்துக்கு அடியிலயே ரயில் போகும். சனிக்கிழமை சிவப்பையோ நீலத்தையோ பாக்கப் போறவனும் வரட்டும்னு, அந்த கிளப் ரொம்ப காலம் வெள்ளிக்கிழமை ராத்திரியில மேட்ச் வச்சிச்சு. அடுத்த டீம் ரசிகனை நம்பிக் கடை விரிச்சவங்க! ஆனித் தேருல வடம் புடிக்கிறவன்கிட்ட எந்தத் தெருன்னு யாரு கேக்கா?

நான் முதல்ல போனப்ப பக்கத்து சீட்டுப் பெரியவரு தெர்மாஸ் மூடியில டீ ஊத்தி நீட்டினாரு. மனசு கேக்காம, "நான் லிவர்பூல் ரசிகன்"னு சொல்லிட்டேன்.

"இருக்கட்டும், நான் எவர்ட்டன்"னாரு.