வாலை ஆட்டிக்கொண்டே பாய்வது ஏன்?

கேள்வி: கோலாலம்பூர் செந்தூலில் டெரஸ் வீட்டில் (வரிசை வீடு) இருக்கிறோம். எங்கள் நாட்டு நாய்க்கு இரண்டரை வயது, வீட்டில் சாது. மாலையில் வெளியே கூட்டிப் போனால், எதிரே வரும் நாயைப் பார்த்து வாலை ஆட்டிக்கொண்டு நிற்கும். கிட்டே வந்ததும் குரைத்துப் பாயும். அதட்டினால் இன்னும் மோசமாகிறது. என்ன செய்யலாம்?

பதில்: ஆடும் வாலை மகிழ்ச்சி என்று எடுத்துக்கொண்டதில்தான் சிக்கல். வால் ஆடினால் நாய் கிளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். இடுப்பும் சேர்ந்து அசைய, வால் தளர்வாக வீசினால் நல்லது. விறைத்து மேலே நின்று நுனி மட்டும் துடித்தால் உடம்பு இறுகிவிட்டது. சுருட்டை வால் நாயிடம் இந்த வித்தியாசம் நமக்குச் சரியாகத் தெரியாது. அதனால் வீட்டில் நிம்மதியாக இருக்கும்போது அதன் வால், காது, வாய் எப்படி இருக்கின்றன என்று முதலில் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்.

வாலைவிட வாய் நம்பகமானது. நம் வெயிலில் எல்லா நாயும் நாக்கைத் தொங்கவிட்டு இரைக்கும். அப்படி இரைத்துக்கொண்டிருந்த வாய் சட்டென்று மூடினால், அது எதையோ கவனித்துவிட்டது. அதற்கும் முன்பே மூக்கை நக்கும், தூக்கமில்லாமல் கொட்டாவி விடும், முகத்தைத் திருப்பும், காரணமில்லாமல் தரையை மோப்பம் பிடிக்கும். ‘எனக்குக் கொஞ்சம் இடம் வேண்டும்’ என்று அது கேட்கிறது. யாரும் கண்டுகொள்ளாவிட்டால் உடல் சிலையாகும், கண்ணின் வெள்ளை பிறைபோல் தெரியும், பிறகு உறுமும், கடைசியில்தான் பாயும்.

உறுமலுக்கு மட்டும் தயவுசெய்து தண்டிக்காதீர்கள். அதட்டினால் உறுமல் அடங்கும், பயம் அடங்காது. பிறகு எச்சரிக்காமலே கடிக்கலாம். அதோடு, இன்னொரு நாய் வரும்போதெல்லாம் கழுத்து இழுபட்டுத் திட்டும் விழுந்தால், அந்த நாயால்தான் இதெல்லாம் என்று உங்கள் நாய் முடிவுகட்டிவிடும். மோசமாவது இதனால்தான்.

பயிற்சியின் சூட்சுமம் எதிர்நாய்க்கும் உங்கள் நாய்க்கும் இடையே உள்ள தூரத்தில் இருக்கிறது. 15 மீட்டரில் பாய்கிறது என்றால் 25 மீட்டரில் தொடங்குங்கள். அவித்த கோழியைப் பட்டாணி அளவில் 30, 40 துண்டாக்கிக் கொண்டுபோங்கள். உப்பு, வெங்காயம், பூண்டு கூடாது. உங்கள் நாய் மற்ற நாயைப் பார்த்த மறுகணம் ஒரு துண்டு, பார்த்துக்கொண்டிருக்கும்வரை ஒவ்வொன்றாக. அந்த நாய் மறைந்ததும் நிறுத்துங்கள். வரிசை முக்கியம்: முதலில் நாய், பிறகு கோழி. முந்திக் கொடுத்தால், கோழி வந்தாலே ஆபத்து வரப்போகிறது என்று கற்றுக்கொள்ளும். வாங்க மறுத்தாலோ விரலோடு சேர்த்துக் கவ்வினாலோ கிட்டே போய்விட்டீர்கள், பின்வாங்குங்கள். எதிர்நாயைப் பார்த்துவிட்டுத் தானாக உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கத் தொடங்கினால், ஒன்றிரண்டு மீட்டர் குறைக்கலாம். ஒரு முறைக்கு 10 நிமிடம் போதும்.

நேருக்கு நேர் நடக்காமல் வளைந்து போங்கள். நாய்களிடையே அதுதான் மரியாதை. டெரஸ் வீட்டு ரோடுகளில் அதற்கு இடம் குறைவு. வரிசையாக நிற்கும் கார்களின் மறைவில் ஒதுங்குங்கள், அல்லது திரும்பி நடந்துவிடுங்கள். கயிறு 2 மீட்டர், எப்போதும் தொய்வாக. கழுத்துச் சங்கிலி வேண்டாம். தோள்பட்டை அசைவைத் தடுக்காத ஹார்னெஸ் (மார்புப் பட்டை) போதும்.

வீட்டு கேட்டையும் கவனியுங்கள். உணவு கொண்டுவரும் மோட்டார் சைக்கிள்களைப் பார்த்து அது நாள் முழுக்கக் குரைக்கிறதா? ஒவ்வொரு மோட்டாரும் போய்விடுவதால், தன் குரைப்பால்தான் போனது என்று நினைக்கும். அதுவும் பாய்வதற்கான ஒத்திகைதான். கேட்டின் கீழ்ப்பாதியைப் பலகையாலோ கேன்வாஸாலோ மறையுங்கள். தீபாவளிப் பட்டாசுக்கு நடுங்கிய நாய்க்கு அந்தப் பதற்றம் ஒரே இரவில் தீராது. அதற்குப் பிறகு இரண்டு மூன்று நாளுக்குப் பயிற்சியை நிறுத்திவையுங்கள்.

இந்தப் பழக்கம் திடீரென்று வந்தது என்றால் முதலில் கால்நடை மருத்துவரைப் பாருங்கள். காது வலி, மூட்டு வலி, உண்ணிக் காய்ச்சல் எதுவும் நாயைச் சிடுசிடுப்பாக்கும்.

பின்சந்தில் தெருநாய் நெருங்கினால் ஓடாதீர்கள். உங்கள் நாயைப் பின்னால் வைத்துக்கொண்டு, ஒரு கைப்பிடி தீனியை வருகிற நாயின் முன்னால் வீசிவிட்டு, மெல்லத் திரும்பி நடங்கள்.