பில்லில் குத்திய கேரண்டி யார் தலையில்?

கேள்வி: தக்கலையில் ஏசி விற்று, மாட்டி, சர்வீஸும் செய்கிறேன். முட்டத்தில் கடலோர வீடு ஒன்றில் மூன்று ஸ்பிளிட் ஏசி போட்டேன். எட்டு மாதத்தில் ஒன்றில் கேஸ் இறங்கியது. இரண்டு முறை இலவசமாக நிரப்பினேன், மறுபடியும் இறங்கியது. மாட்டியதில்தான் கோளாறு என்று கம்பெனி கைவிரிக்கிறது. வீட்டுக்காரர் வாட்ஸ்அப்பில் என்னைத் திருடன் என்கிறார், பாக்கியும் தரவில்லை. இப்போது மூன்று ஏசியின் விலையும் நஷ்டஈடும் கேட்டு வக்கீல் நோட்டீஸ். பில்லில் '5 வருட முழு கேரண்டி' என்று சீல் குத்தியிருக்கிறேன், எல்லாரும் செய்வதுதானே?

பதில்: வாட்ஸ்அப் வசவையும் கம்பெனிக்காரரின் துரோகத்தையும் ஒதுக்கி வையுங்கள். பாக்கிப் பணம் பேரம் பேச உதவும், அவ்வளவுதான். கடைசி வரியில் போகிற போக்கில் சொன்னீர்களே, அந்த சீல்தான் விஷயம்.

கருவிக்குக் கம்பெனி வாரண்டி. மாட்டிய வேலைக்கு நீங்கள் பொறுப்பு. 'முழு கேரண்டி' என்று உங்கள் கடைப் பெயரில் குத்தியதும் இரண்டும் உங்கள் தலையில் விழுந்துவிட்டன. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வியாபாரி எந்த வகையில் சொன்ன தரமாக இருந்தாலும் சரி, பொருள் அப்படி இல்லையென்றால் அது குறைதான். எல்லாரும் குத்துகிறார்கள் என்பது நுகர்வோர் ஆணையத்தில் எடுபடாது.

எனக்குப் பெரிய கவலை உங்கள் சர்வீஸ் ஸ்லிப். 'கேஸ் நிரப்பியது, ஓகே' என்று பையன் எழுதிக் கையெழுத்து வாங்கியிருப்பான். எங்கே கசிந்தது என்று ஒரு வரி இருக்காது. பிளேர் ஜாயின்ட்டில், அதாவது மாட்டும்போது குழாய் வாயை விரித்து நட் போட்டு இறுக்கும் இணைப்பில் கசிந்தால், அது உங்கள் கைவேலை. கருவிக்குள் இருக்கும் குழாய்ச் சுருளான காயிலில் ஓட்டை என்றால் தயாரிப்புக் கோளாறா, உப்புக்காற்று அரித்ததா என்று கம்பெனியோடு மல்லுக்கட்டலாம். அந்த ஒரு வரி இல்லாததால், நல்ல மனதோடு செய்த இலவச சர்வீஸையே 'தன் தப்பு தெரிந்துதானே ஓடி வந்தார்' என்று எதிர்வக்கீல் திருப்பிவிடுவார்.

இதைவிட மோசமானதையும் வழக்கில் சிக்கும் கட்சிக்காரர்கள் செய்வார்கள். நோட்டீஸ் வந்த பதற்றத்தில் ஆளை அனுப்பிக் காயிலை மாற்றுவார்கள். கழற்றியது அன்று சாயங்காலமே பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும், செம்புக்கு விலை உண்டே! பொருளைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது, ஆனால் அனுப்பப் பொருள் இருக்காது. ஆகவே இப்போதைக்கு அந்த அவுட்டோர் யூனிட்டில் யாரும் ஸ்பேனர் வைக்கக் கூடாது. வீட்டுக்காரர் முன்னிலையில் சோப்பு நுரை போட்டு, குமிழி எங்கே கிளம்புகிறது என்று தேதியோடு வீடியோ எடுங்கள். அதைக் கம்பெனிக்கு மெயிலில் அனுப்புங்கள், போனில் பேசாதீர்கள்.

நாகர்கோவில் ஆணையத்திலிருந்து நோட்டீஸ் வந்தால் பதிலுரைக்கு 30 நாள், காரணம் காட்டினால் மேலும் 15. அதற்குப் பிறகு ஆணையமே நினைத்தாலும் ஏற்க முடியாது. 2020-இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொல்லி முடித்த விஷயம் இது. கம்பெனியையும் எதிர்தரப்பாகச் சேர்க்கச் சொல்லி ஆரம்பத்திலேயே மனுப் போட வேண்டும்.

வெளிப்படையாகச் சொல்கிறேன், அதுவரை போகவிடாமல் சமரசம் பேசுங்கள். சீல் இருக்கும்வரை உங்கள் கை தாழ்ந்ததுதான். ஆனால் நன்றாக ஓடுகிற இரண்டு ஏசிக்கும் விலை கேட்பது பேராசை, அதற்கு இறங்க வேண்டாம். கெட்ட ஒன்றை உங்கள் செலவில் சரிசெய்வது அல்லது மாற்றுவது, பாக்கியைத் தள்ளுவது, அத்தோடு நிறுத்துங்கள். 'இந்தக் கோரிக்கை முழுவதும் தீர்ந்தது' என்று இருவரும் கையெழுத்திட்ட பிறகே பணமோ பொருளோ கைமாறட்டும். சும்மா ஜிபேயில் போட்டால், அந்த ஸ்கிரீன்ஷாட்டே உங்களுக்கு எதிரான சாட்சியாக வரும். வழக்குப் போட்ட பிறகு என்றால் சமரசத்தை ஆணையத்தில் பதிவு செய்து உத்தரவு வாங்குங்கள்.

அப்புறம், நாளை முதல் பில்லில் தனித்தனியாக இரண்டு வரி: கருவிக்குக் கம்பெனி வாரண்டி அட்டையில் உள்ளபடி, மாட்டிய வேலைக்கு எங்கள் பொறுப்பு இத்தனை மாதம். பழைய பில்களுக்கு இது செல்லாது, அவற்றுக்கு ஐந்து வருடமும் ஓடும். கடலோர வீடுகளின் பில்களை முதலில் எடுத்துப் பாருங்கள்.