இறகு குத்திய இரவு

கேள்வி: 9 வயதில் பெற்றோருடன் மதுரையிலிருந்து நியூ ஜெர்சிக்குக் குடிபெயர்ந்தேன். அடுத்து வந்த நான்கு கோடைகளும் நியூ ஹாம்ப்ஷயரில் ஓர் ஏரிக்கரைக் கேம்ப்பில் கழிந்தன. அங்கிருந்து எழுதிய கடிதங்களை அம்மா இன்றும் ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்திருக்கிறார். வளர்ந்தபின் தோழிகள் ஏழு பேர் அதே கேம்ப்பில் மீண்டும் கூடுவதை நாவலாக எழுதி வருகிறேன்; 120 பக்கங்கள் ஆகிவிட்டன. படித்தவர்கள் மனத்தில் ஒட்டவில்லை என்கிறார்கள். தமிழ் வாசகருக்கு அந்நியமான விஷயம் என்று கைவிட்டுவிடலாமா?

பதில்: கைவிட வேண்டாம். நீங்கள் அனுப்பிய பக்கங்களை இரண்டு முறை படித்தேன். ஒட்டாமல் போனதற்கு ஊரோ ஏரியோ காரணமல்ல.

முதலில் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 'சம்மர் கேம்ப்' என்றதும் இங்குள்ள வாசகருக்கு மே மாதத்தில் காலையில் போய் மதியம் திரும்பும் நீச்சல் வகுப்பும் ஓவிய வகுப்பும்தான் நினைவுக்கு வரும். 'முகாம்' என்று எழுதினாலோ கண் சிகிச்சை முகாமும் அகதிகள் முகாமும் வந்து குறுக்கே நிற்கும். அதனால்தான் முதல் அத்தியாயத்தில் விளக்கத்தில் இறங்கிவிட்டீர்கள். 1861இல் கனெக்டிகட்டில் பிரெடரிக் கன் என்ற ஆசிரியர் தம் மாணவர்களைக் கடற்கரைக்கு நடத்திச் சென்று இரண்டு வாரம் கூடாரத்தில் தங்கவைத்ததும், 1881இல் நியூ ஹாம்ப்ஷயரின் ஸ்குவாம் ஏரித் தீவில் எர்னஸ்ட் பால்ச் சிறுவர்களுக்கான முகாமைத் தொடங்கியதும் எனக்குச் சுவையாகத்தான் இருந்தன. ஆனால் அந்த இடத்தில் நாவல் பாடநூலாகிவிடுகிறது. அந்தப் பக்கங்களை எடுத்துவிடுங்கள். மூன்றாம் அத்தியாயத்தில் ஒரே காட்சியில் நீங்களே அந்த வேலையை முடித்துவிட்டீர்கள்: ஞாயிற்றுக்கிழமை மாலை, வீட்டுக்கு எழுதிய கடிதத்தைச் சாப்பாட்டுக்கூடத்து வாசலில் கொடுத்தால்தான் உள்ளே விடுவார்கள் என்பதால், உங்கள் கதாநாயகி ஒரு வெற்றுத்தாளை மடித்து உறையிலிட்டு ஒட்டிக் கொடுக்கிறாள். ஏழு வாரம் வீட்டைப் பிரிந்திருப்பது என்றால் என்னவென்று மதுரை வாசகருக்கு அந்த உறையே சொல்லிவிடும்.

உண்மையான குறை வேறிடத்தில் இருக்கிறது. ஏழு தோழிகளும் ஒரே கேம்ப்பை நினைவுகூர்கிறார்கள். ஒருத்தி படகுத்துறையைப் பற்றித் தொடங்கினால் அடுத்தவள் ஆமாம் என்கிறாள், மூன்றாமவள் சிரிக்கிறாள், பேச்சு அடுத்த நினைவுக்குத் தாவுகிறது. அவர்களுக்கு அது இனிக்கும். அதே மேசையில் உட்கார்ந்திருக்கும் வேற்றாளுக்கு அரை மணி நேரத்தில் அலுத்துவிடும். வாசகர் அந்த வேற்றாளின் இடத்தில்தான் இருக்கிறார்.

இனி 84ஆம் பக்கத்துக்கு வாருங்கள். பிள்ளைகளை அமெரிக்கப் பழங்குடிகளின் பெயரில் குழுக்களாகப் பிரித்து விளையாடவைத்த அந்தக் கேம்ப்பில், கடைசி வாரத்து இரவு நெருப்பைச் சுற்றி எல்லோரும் அமர்ந்திருக்க, "நீதானே நிஜ இந்தியப் பெண்" என்று பொறுப்பாளர் அக்கா சிரித்துக்கொண்டே 10 வயதுச் சிறுமியின் தலையில் இறகு செருகிய அட்டைக் கிரீடத்தைக் கட்டிவிடுகிறாள். எல்லோரும் கைதட்டுகிறார்கள். இறகின் காம்பு காதோரம் குத்திக்கொண்டே இருந்தது என்று எழுதிவிட்டு, அடுத்த பத்தியில் படகுப் போட்டிக்குப் போய்விடுகிறீர்கள். எனக்கு அதற்குமேல் படகுப் போட்டியில் மனம் செல்லவில்லை. உங்கள் நாவல் அங்கேதான் இருக்கிறது.

அது அந்த ஒரு பெண்ணின் விளையாட்டுப் புத்தியால் மட்டும் நேர்ந்ததல்ல என்பதையும் நீங்கள் அறிந்திருப்பீர்கள். 1902இல் எர்னஸ்ட் தாம்சன் சீட்டன் சிறுவர்களுக்காகத் தொடங்கிய உட்கிராஃப்ட் இந்தியன்ஸ் இயக்கமும் அதைப் பின்பற்றியவர்களும் இறகையும் முரசையும் முகாம்களின் வழக்கமாக்கினார்கள். அந்த மண்ணுக்குரிய மக்களை நேரில் அறியாமலே அவர்களைப் போல வேடமிட்டுப் பல தலைமுறைப் பிள்ளைகள் வளர்ந்தார்கள். அவர்களையும் நம்மையும் 'இந்தியர்' என்றே அழைத்த பெயர்க் குழப்பம் ஒன்றினாலேயே அந்த வேடம் ஒரு மதுரைச் சிறுமியின் தலைக்கு வந்து சேர்கிறது. இதை வேறு யாராலும் உங்களைப் போல எழுத முடியாது.

மற்ற ஆறு பேருக்கும் அதுவே வாழ்க்கையின் மிக இனிய இரவாக இருக்கட்டும். அவர்களில் ஒருத்தி அந்தப் புகைப்படத்தைப் பெரிதாக்கி, சட்டமிட்டு, அன்போடு பரிசாகக் கொண்டுவரட்டும். தோழிகளைக் கெட்டவர்களாக்கிவிடாதீர்கள்; காய்ச்சலில் கிடந்தபோது விடிய விடியப் பக்கத்தில் இருந்தவளே அந்தப் படத்தைக் கொண்டுவந்தால், அதை வாங்கும் கைக்கு எவ்வளவு கனக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஏரிக்கரை நிலத்தின் விலை ஏறி, கேம்ப்பை விற்கப்போகிறார்கள் என்ற செய்தியைக் கடைசிவரை ஒளித்து வைத்திருக்கிறீர்கள். அதை முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். எல்லோரும் இப்போது ஏன் வந்தார்கள் என்பதற்கு விடையும் கிடைக்கும், பேசாமல் விட்டதைப் பேச இன்னும் இரண்டே நாள்தான் இருக்கிறது என்ற அவசரமும் கதைக்குள் வரும்.

ஒன்று கேட்க வேண்டும். வெற்றுத்தாள் வைத்த உறை உங்கள் கற்பனையா, நடந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. நடந்ததென்றால், அது நெருப்புக் கூட்டம் நடந்த அதே வாரத்து உறைதானா என்று அம்மாவின் பிஸ்கட் டப்பாவில் தேடி, முத்திரைத் தேதியைப் பாருங்கள்.